தை மாதம் வந்த கணக்கு டீச்சர்

இன்பமேரி டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தது மொத்தம் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் அவரைப் பற்றி எங்கள் ஊரில் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னவர்கள் யாருமில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான் ஒருத்தி. நானும் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் கழித்து இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

மோகனூரிலிருந்து நாமக்கல் போகும் வழியில் எங்கள் ஊர். அங்கே ஒரு ஜில்லா போர்டு ஹைஸ்கூல். 1959ல் பதினொன்றாம் வகுப்பில் முப்பத்தொரு பையன்கள், இரண்டு பெண்கள். ஒருத்தி பாவாயி, இன்னொருத்தி வசந்தாமணியாகிய நான். எங்கள் ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் வந்த முதல் பெண்கள் நாங்கள்தான். பாவாயியின் அப்பா வேலுசாமி ஊரறியச் சொல்லியிருந்தார்: மகள் பாஸ் செய்தால் சேலத்தில் டீச்சர் டிரெய்னிங்குக்கு அனுப்புவேன், ஃபெயில் ஆனால் குமாரபாளையத்து அத்தை மகனுக்குக் கட்டிக் கொடுத்துவிடுவேன். அத்தை மகன் கெட்டவரில்லை. நாலு தறி வைத்திருந்தார். ஆனால் பாவாயிக்கு டீச்சராக வேண்டும். வீட்டுக் கதவின் பின்பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி எழுதி, கோழிகளுக்கெல்லாம் பாடம் நடத்தியவள் அவள்.

எங்களுக்குக் கணக்கு எடுத்தவர் சென்றாயன் சார். அவரைப் போல ஒரு வாத்தியார் ஜில்லாவிலேயே கிடையாது என்பது ஊர் முடிவு. அவருடைய வழி மிகவும் சுலபம். எண்பது கணக்கு. அவ்வளவுதான். வருஷா வருஷம் வந்த கேள்வித்தாள்களையெல்லாம் சலித்து, இந்த எண்பதைத் தாண்டி வராது என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். "பதினேழு" என்று அவர் சொன்னால், நாங்கள் தொட்டியில் தண்ணீர் நிரம்பும் கணக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே மூச்சில் ஒப்பிப்போம். "நாற்பத்து மூணு" என்றால் முக்கோணத்தின் மூன்று கோணம். எண்பதையும் கரைத்துக் குடித்தவள் பாவாயி. தூக்கத்தில் எழுப்பி அறுபத்திரண்டு என்று கேட்டாலும் சொல்லுவாள். எனக்கு ஐம்பதுக்கு மேல் தடுமாறும்.

பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்தால், சாருக்குத் தலைமையாசிரியராகப் பதவி உயர்வு, ஆத்தூர்ப் பக்கம் போகிறார் என்றார்கள். பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட முழுசாக இல்லை. வகுப்பே அழுதது. பையன்களும் மூக்கை உறிஞ்சினார்கள். சார் கிளம்பும்போது, "எண்பதையும் உட்டுறாதீங்க சாமி. அது போதும் உங்களுக்கு" என்றார். அவரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாலு வருஷமாக அது போதுமானதாகத்தான் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை இன்பமேரி டீச்சர் வந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, கறுப்புக் குடை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. சேலத்துக்காரர். அப்பா அமிர்தசாமி ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீச்சர் திருச்சிக்குப் போய்க் கணக்கு படித்தவர். எங்கள் தெருவில் கந்தம்மாள் வீட்டில் ஒரு பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் பஸ்ஸில் நாமக்கல் போய்விட்டுப் பகலில் திரும்புவார். ஊர் அவரைப் பற்றித் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஊருக்கு ஆசையும் இல்லை.

முதல் நாள் கரும்பலகையில் ஒரு முக்கோணம் போட்டார். மூன்று கோணமும் சேர்ந்தால் எவ்வளவு என்று நிரூபிக்கச் சொன்னார். நாங்கள் சிரித்துக்கொண்டோம். இது நாற்பத்து மூணு. பாவாயி எழுந்து கடகடவென்று ஒப்பித்தாள். டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முனைகளில் இருந்த ஏ, பி, சியை அழித்து, பி, க்யூ, ஆர் என்று எழுதினார். "இப்ப சொல்லு." பாவாயி விழித்தாள். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன், "டீச்சர், அது வேற முக்கோணமுங்க" என்றான். அவன் கிண்டலுக்குச் சொல்லவில்லை. எங்கள் எல்லோருக்குமே அது வேறு முக்கோணம்தான்.

டீச்சர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் வாயில் ஒரே சொல்தான். எந்த வரியை எழுதினாலும், "ஏன்?" என்பார். அடுத்த வரி ஏன் இப்படி வந்தது? ஏன் இங்கே கூட்டினாய்? சரியான விடைக்கும் ஏன், தப்பான விடைக்கும் ஏன். ஒரு வாரத்தில் அவருக்கு 'ஏன் டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டோம். பரீட்சையை வைத்துக்கொண்டு இந்த அம்மா நம் கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறாரே என்று வீட்டில் போய்ப் புலம்பினோம். பெயர் வைத்தது நான்தான். அதில் அப்போது எனக்குப் பெருமை வேறு.

மாசி பிறப்பதற்குள் செலக்சன் பரீட்சை வந்தது. அதில் தேறாதவர்களை அந்த வருஷம் பொதுப் பரீட்சைக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்து, அடுத்த வருஷம் எழுத வைப்பது வழக்கம். பெற்றவர்கள் பிடிவாதமாகக் கேட்டால் அனுப்பிவிடுவதும் உண்டு. கேள்வித்தாளை டீச்சரே போட்டார். எண்பதில் இருந்த கணக்குகள்தான், ஆனால் எண்களை மாற்றியிருந்தார். அப்பனும் மகனும் வருகிற வயதுக் கணக்கில் அம்மாவும் மகளும் வந்தார்கள். நான் முப்பத்தாறு. பாவாயி இருபத்தொன்பது. நான் அவளைவிட அதிகம் வாங்கியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. காரணமும் எனக்குத் தெரியும். மனப்பாடம் சரியாக இல்லாததால் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

டீச்சர் நேராக வேலுசாமி வீட்டுக்குப் போனார். நானும் அங்கே இருந்தேன். பாவாயியின் அம்மா மயிலம்மாள் மோர் கொடுத்தார். டீச்சர் குடித்துவிட்டுச் சொன்னார்: "உங்க பொண்ணு நல்ல மூளைக்காரிங்க. ஆனா இதுவரைக்கும் கணக்கு போட்டதே இல்லை, ஒப்பிச்சிருக்கா. இந்த வருஷம் அனுப்பாதீங்க. ஒரு வருஷம் என்கிட்ட விடுங்க. அடுத்த வருஷம் அவ மார்க்கைப் பார்த்து நீங்களே ஆச்சரியப்படுவீங்க."

பெரிய பெண்ணை இன்னொரு வருஷம் பள்ளிக்கூடம் அனுப்பினால் ஊர் என்ன பேசும் என்று வேலுசாமிக்குத் தெரியும். இந்த வருஷமே எழுத அனுப்பி ஃபெயில் ஆனால் மகள் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயமும் இருந்தது. "ஆத்தாகிட்டப் பூ கேட்டுட்டுச் சொல்றேனுங்க" என்றார். டீச்சருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. என் பரீட்சையும் அந்தப் பூவில்தான் இருக்கிறது என்பதும் அந்த நிமிஷமே புரிந்தது.

ஏனென்றால் என் அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார். பரீட்சை மையம் நாமக்கல்லில். பத்து நாள் அங்கே என் சித்தி வீட்டில் தங்க வேண்டும். "பாவாயி வந்தா நீயும் போ. தனியா ஒரு பொட்டப்புள்ளையை அனுப்ப முடியாது." அதாவது பாவாயி நின்றால் நானும் நிற்க வேண்டியதுதான். அடுத்த வருஷம் அப்பா என்ன சொல்லுவாரோ, யாருக்குத் தெரியும்? எனக்கும் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

பூ கேட்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். கிணறு வெட்டலாமா, சம்பந்தம் பேசலாமா, எதற்கும் செல்லாண்டியம்மனிடம் போவார்கள். வெள்ளை அரளியை ஓர் இலையிலும் செவ்வரளியை ஓர் இலையிலும் வைத்து, ஒன்று போலவே இரண்டு பொட்டலம் கட்டி, ஆத்தா காலடியில் போடுவார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். அதில் என்ன நிறமோ அது ஆத்தா வாக்கு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பிரிப்பது ஆத்தாளைச் சந்தேகப்படுவது. அதை அப்படியே ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பொட்டலம் கட்டுவது கல்யாணமாகாத பெண். கேட்கிற வீட்டுப் பெண்ணாக இருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை வேலுசாமி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "நீ கட்டு கண்ணு. வெள்ளை வந்தா இந்த வருஷமே எழுதட்டும். செவப்பு வந்தா டீச்சரம்மா சொன்ன மாதிரி நிக்கட்டும்." கோயிலுக்குப் பின்னால் இரண்டு அரளிச் செடியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பூவரச இலை இரண்டு பறித்தேன். முதல் இலையில் வெள்ளை வைத்துக் கட்டினேன். சிவப்பும் பறித்துவிட்டேன், கையில்தான் இருந்தது. பத்து நொடி நின்றிருப்பேன். சிவப்பைச் செடி அடியிலேயே போட்டுவிட்டு, இரண்டாவது இலையிலும் வெள்ளையை வைத்தேன். பின்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று செய்தால் ஆத்தாளுக்குத் தெரியாது என்று நினைத்தேன் போலிருக்கிறது.

பூசாரியின் பேத்தி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை வந்தது. மயிலம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாவாயி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உன் கை ராசியான கை, புள்ள" என்றாள். இன்னொரு பொட்டலம் வாய்க்காலில் போனது. அது கண்ணுக்கு மறையும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாவாயி எழுதப்போகிறாள் என்று கேட்டதும் டீச்சர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் அன்றைக்கே, "பரீட்சைக்குப் போறவங்க எல்லாரும் நாளையிலிருந்து காலையில ஏழரைக்கு வாங்க. அஞ்சு வாரம் இருக்கு, முடிஞ்சதைப் பார்ப்போம்" என்றார். கட்டாயமில்லை. பதினோரு பேர் போனோம். வேப்பமரத்தடியில் பெஞ்சைப் போட்டு உட்கார வைத்தார். கந்தம்மாள் வீட்டில் காலைச் சமையலுக்கு நேரமில்லாமல் அவர் பழையதைச் சாப்பிட்டுவிட்டு வந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது.

பாவாயி வரவில்லை. டீச்சர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். மூன்றாவது தடவை அவரே வழியில் நிறுத்திக் கேட்டார். பாவாயி தலையைக் குனிந்துகொண்டு, "ஊட்டுல வேலை இருக்குதுங்க டீச்சர்" என்றாள். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். "ஆத்தாளே எழுதுன்னு சொல்லிட்டா. அப்பறம் எனக்கென்ன பயம்? சென்றாயன் சார் எண்பதை உட்டுறாதன்னார். இந்த டீச்சர்கிட்டப் போனா அதும் குழம்பிப் போயிரும் புள்ள."

நான் அவளை வா என்று ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் ஏன் என்று கேட்பாள். ஆத்தா சொன்ன பிறகும் உனக்கு ஏன் பயம் என்று கேட்பாள். எனக்குப் பயம் இருந்ததற்கு ஒரே காரணம், ஆத்தா எதுவும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்ததுதான். அந்தப் பயத்தில்தான் நான் ஐந்து வாரமும் ஒரு நாள் தவறாமல் வேப்பமரத்தடிக்கு ஓடினேன். நான் செய்த புரட்டு என்னைப் படிக்க வைத்தது, அதை நம்பியவளைப் படிக்கவிடாமல் செய்தது. இதை அப்போது இவ்வளவு தெளிவாக நினைத்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் தினமும் காலையில் அவள் வீட்டு வாசலைத் தாண்டும்போது வேகமாக நடந்தேன். அது நிஜம்.

நாமக்கல்லில் கணக்குப் பரீட்சை முடிந்து வெளியே வந்தோம். பாவாயி முகம் மலர்ந்திருந்தது. "அறுபத்திரண்டு வந்திருந்துது பாத்தியா? அப்படியே எழுதிட்டேன், ஒரு புள்ளி மாறாம." அறுபத்திரண்டு மாதிரி ஒன்றுதான் வந்திருந்தது. எண்கள் வேறு, கேட்டதும் வேறு. எண்பதில் அன்றைக்கு வந்தது நாலே நாலு. "ஆமா" என்றேன்.

மே மாதக் கடைசியில் பேப்பரில் நம்பர் வந்தது. என் நம்பர் இருந்தது. அவளுடையது இல்லை. பிறகு மார்க் புத்தகம் வந்தபோது எனக்குக் கணக்கில் நாற்பத்தொன்று, அவளுக்கு முப்பத்தொன்று. மற்ற எல்லாப் பாடத்திலும் அவள் என்னைவிடக் கூடுதல். வேப்பமரத்தடிக்கு வந்த பதினோரு பேரில் ஒன்பது பேர் தேறியிருந்தோம்.

சேதி கேட்டு டீச்சர் மறுநாளே வேலுசாமி வீட்டுக்கு வந்தார். லீவுக்குச் சேலம் போயிருந்தவர் இதற்காகவே பஸ் ஏறி வந்திருந்தார். குடையை மடக்கக்கூட இல்லை. "ஒண்ணும் கெட்டுப்போகலைங்க. மறுபடி எழுதட்டும். தினமும் சாயங்காலம் நான் இங்கேயே வந்து சொல்லித் தரேன்" என்றார்.

வேலுசாமி எழுந்து நின்றார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. "ஆத்தா எழுதுன்னு சொன்னா. ஆத்தா பொய் சொல்ல மாட்டா. அப்பறம் எம்மவ எப்படிங்க தோத்தா? இந்த வசந்தாமணிக்குக் காலையில வெச்சுச் சொல்லிக் குடுத்தீங்க. எம்மவளுக்கு ஏனுங்க சொல்லிக் குடுக்கலை? உங்க பேச்சை நாங்க கேக்கலைன்னுதானுங்க?"

டீச்சர் பாவாயியைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள், அப்பனுக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். டீச்சர் பாவாயியைக் காலை வகுப்புக்கு மூன்று தடவை கூப்பிட்டார், அவள்தான் வரவில்லை என்று சொல்ல அங்கே இருந்தவள் நான்தான். அதற்கும் முன்னால் சொல்ல வேண்டிய இன்னொன்றும் என்னிடம்தான் இருந்தது. நான் தூணைச் சுரண்டிக்கொண்டு நின்றேன். டீச்சர் படியிறங்கிப் போனார்.

கதை அதோடு முடிந்திருந்தால் என் மனம் இவ்வளவு வேகாது. வேலுசாமி ஊரைக் கூட்டினார். சென்றாயன் சார் இருந்தவரை இப்படியா ஆனது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். ஃபெயில் ஆன பையன்களின் அப்பன்மார்களுக்கும் யாரையாவது சொல்ல வேண்டியிருந்தது. கணக்கு டீச்சரை மாற்றச் சொல்லி மேலே மனுப் போடுவது என்று முடிவானது. மனு எழுத நல்ல கையெழுத்துக்கு எங்கே போவது? ஊரில் பாஸ் செய்த பெண் ஒருத்தி இருக்கிறாளே. என் அப்பாவே காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தார்.

எழுதினேன். 'சிலருக்கு மட்டும் தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்து, மற்ற மாணவர்களைப் புறக்கணித்ததால்' என்று அவர்கள் சொன்னதைத் திருத்தமான தமிழில் எழுதினேன். அந்தச் சிலரில் நான் ஒருத்தி. கூட்டத்தில் ஒருத்தர், "சர்ச்சுக்குப் போறவங்களுக்கு நம்ம ஆத்தாளைப் புடிக்குமா, அதையும் எழுது" என்றார். அதை மட்டும் எழுதவில்லை. இத்தனை வருஷமாக, அதை எழுதாமல் விட்டேனே என்று அதை ஒரு பெரிய நியாயம் போலப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெட்கம்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரத்தில் டீச்சருக்கு மாற்றல் வந்தது. ஆத்தூருக்கும் கிழக்கே, மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஒரு டிரங்குப் பெட்டி, குடை. பஸ் ஏற்றிவிட யாரும் போகவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆவணியில் பாவாயிக்குக் கல்யாணம் ஆனது. நான் சேலத்துக்கு டிரெய்னிங் போனேன். பாவாயி வாங்கிவைத்திருந்த புது டிபன் டப்பாவை என் கையில் கொடுத்து, "எனக்குப் பதிலா நீ போற. நல்லாப் படி" என்றாள்.

இந்த வருஷம் சித்திரையில் சேலம் பஸ் ஸ்டாண்டில், "வசந்தாமணிதானே?" என்று ஒரு குரல். திரும்பினால் டீச்சர். காதோரம் நரைத்திருந்தது. அதே மாதிரி ஒரு கறுப்புக் குடை. பக்கத்து ஓட்டலுக்குக் கூட்டிப்போய்க் காப்பி வாங்கிக் கொடுத்தார். நான் டீச்சராக இருக்கிறேன் என்றதும் முகமெல்லாம் சிரிப்பு. மலையடிவாரத்தில் ஆறு வருஷம் இருந்தாராம். மனு போனதால் வேலை நிரந்தரமாவது தள்ளிப்போனதாம். "அப்பா போனப்ப அங்கேதான் இருந்தேன். தந்தி வந்து, மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடிச்சு வர்றதுக்குள்ள கல்லறைக்குக் கொண்டுபோயிட்டாங்க" என்றார். யாரோ ஒருத்தர் வீட்டுச் சமாசாரம் போலத்தான் சொன்னார்.

அப்புறம் காப்பியை ஆற்றிக்கொண்டே, "அந்த மனுவை ஹெட்மாஸ்டர் என்கிட்டக் காட்டினார்" என்றார். "அஞ்சு வாரம் உன் நோட்டைத் திருத்தினவ நான். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?" நான் டம்ளரை வைத்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்து அந்தப் பழைய சொல்லைக் கேட்டார். கோபமில்லாமல், கரும்பலகைக்கு முன்னால் நின்று கேட்பது போலவே கேட்டார். "ஏன்?"

எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பொட்டலம், இரண்டிலும் வெள்ளை. யாரிடமும் சொல்லாததை, ஓட்டல் மேஜையில் ஈ ஓட்டிக்கொண்டு அவரிடம் சொன்னேன். அவர் காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு, "என்னை விடு. பாவாயிகிட்டச் சொன்னியா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். "போய்ச் சொல்லு. ஒன்பது வருஷமா அந்தப் பொண்ணு தன்னோட மூளையையில்ல சந்தேகப்பட்டுட்டு இருப்பா. சொல்லிட்டு எனக்கு ஒரு கார்டு போடு." விலாசம் எழுதிக் கொடுத்தார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் குமாரபாளையம் போனேன். தெரு முழுக்கத் தறிச்சத்தம். பாவாயி பருத்திருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மூலையில் அவள் மகள் செல்லியம்மாள், தறிக்கு வேண்டிய நூலைச் சின்னக் குழலில் ஏற்றித் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். எட்டு வயது. அம்மாவின் அதே கண். மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள்.

"நல்ல நேரத்துக்கு வந்தே புள்ள" என்றாள் பாவாயி. "தார் சுத்த ஆளில்லை, செல்லியைப் பள்ளிக்கூடத்தை உட்டு நிறுத்திரலாம்னு இவ அப்பன் ஒத்தக் கால்ல நிக்கறார். நான் வேண்டாம்னு சண்டை. கடைசியில பூ கேக்கறதுன்னு முடிவாச்சு. ஆத்தா சொன்னா அவர் மீற மாட்டார். பொட்டலம் கட்ட ஆள் தேடிட்டு இருந்தேன். நீ இன்னும் கன்னிப்பொண்ணுதானே? அதும் ஆத்தா ஏற்பாடுதான்" என்று சிரித்தாள்.

"பாவாயி, உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றேன். "பூவைக் கட்டிட்டுச் சொல்லு. உச்சி வந்தா ஆகாது" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். படித்துறைக்கு மேலே சின்ன அம்மன் கோயில். அவள் வீட்டுக்காரர் முன்னாலேயே வந்து, சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு பயபக்தியாக நின்றிருந்தார். வெள்ளை வந்தால் பள்ளிக்கூடம். சிவப்பு வந்தால் தார்.

கோயிலுக்குப் பின்னால் தனியாக நின்றேன். மடியில் வெள்ளை அரளி, செவ்வரளி. பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் கட்டிவைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் இருந்தன. இப்போது போய்ச் சொன்னால் பாவாயி இனி எந்தப் பூவை நம்புவாள்? அவள் வீட்டுக்காரர்தான் எதை மதிப்பார்? செல்லி நாளைக்கே தாரில் உட்காருவாள். நேர்மையாக ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை என்று கட்டிப் போடவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. இரண்டு இலையிலும் வெள்ளையை வைத்துக் கட்டினேன்.

வெள்ளை வந்தது. அவள் வீட்டுக்காரர் கும்பிட்டுவிட்டுத் தறிக்குப் போனார். செல்லி துள்ளிக்கொண்டு ஓடினாள். பாவாயியும் நானும் பிரிக்காத பொட்டலத்தை எடுத்துக்கொண்டு காவிரிப் படியிறங்கினோம்.

"இப்பச் சொல்லு. என்னமோ சொல்லோணும்னியே?"

"நம்ம 'ஏன்' டீச்சரைப் பாத்தேன். சேலத்துல."

"அவங்களா? நல்லாருக்காங்களா?" பாவாயி தண்ணீரில் காலை வைத்தாள். "எங்கய்யன் அவங்களை அப்படிப் பேசியிருக்க வேண்டாம். பாவம். ஆனா புள்ள, ஆத்தா வாக்குப் பொய்க்காது, இன்னைக்கும் பாத்தேல்ல? அன்னைக்கு அவங்க மனசு வெச்சிருந்தா நானும் உன்னாட்டம் டீச்சராயிருப்பேன். இல்லாட்டி என் மரமண்டைதான் காரணமோ என்னமோ."

அவள் கையில் பொட்டலம் இருந்தது. பிரித்துப் பார் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவளாகவே பிரித்துவிட்டால் தேவலையே என்றும் நினைத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தண்ணீரில் விட்டாள். பாலத்துப் பக்கம் மெதுவாகப் போனது.

ஊருக்குத் திரும்பும் வழியில் போஸ்ட் கார்டு ஒன்று வாங்கினேன். டீச்சரின் விலாசத்தை அன்றைக்கே எழுதிவிட்டேன். மறுபக்கம் இரண்டு மாதமாகக் காலியாக இருக்கிறது. செல்லி நாலாம் வகுப்புக்குப் போகிறாள் என்று எழுதலாம். பாவாயியிடம் சொல்லவில்லை என்றும் எழுத வேண்டும். எழுதினால் ஏன் என்று கேட்பார்.